காவல் பேசாதபோது



இணையத்திலிருந்து ஒரு கோப்பைக் கணினிக்குள் இறக்கி, அதனைத் திறக்க முற்படும்பொழுது, சில வேளைகளில் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ‘இக்கோப்பு வெளியிலிருந்து வந்தது, இதனை ஆக்கியவர் யாரென்பது தெரியவில்லை, திறக்கத்தான் வேண்டுமா?’ என்பது அவ்வறிவிப்பின் கருத்து. அதனை முழுவதும் படிப்போர் சிலரே. படிக்காமலே பொத்தானை அழுத்திவிட்டு மேலே செல்வோர் பலர். ஆயினும், அவ்வறிவிப்பு அங்கே இருக்கின்றது என்னும் எண்ணமே நமக்கு ஒரு துணிவைத் தருகின்றது. ‘தீங்கான பொருளாயின் கணினி நம்மைத் தடுத்திருக்குமன்றோ?’ என்று நம்மையறியாமலே எண்ணிக்கொள்கிறோம்.

அவ்வறிவிப்பு தோன்றாதபடி செய்யும் வழியொன்றைத் தீயோர் கண்டுபிடித்துவிட்டால் என் செய்வது? இஃது வெறுங்கற்பனை அன்று. கடந்த சில ஆண்டுகளில் பன்முறை நடந்துவிட்ட செய்தி. அவ்வாறு நடந்தபொழுது அதனை எவ்வாறு எதிர்கொண்டார்கள், எவ்வாறு எதிர்கொண்டிருக்க வேண்டும், நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதலில், கணினி அந்த எச்சரிக்கையை எவ்வாறு விடுக்கின்றது என்பதைத் தெரிந்துகொள்வோம். ஒரு கோப்பின் உட்பொருளைப் பார்த்த அளவிலேயே அது நல்லதா தீயதா என்று கணினியால் எப்போதும் கூறிவிட இயலாது. ஆனால் அக்கோப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் குறித்து வைக்க இயலும். ஊரின் எல்லையில் நிற்கும் காவலர், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையின்மீதும் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து அனுப்புவதாகக் கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காவலர்கள் அப்புள்ளியைக் கண்டவுடன், ‘இது வெளியூர்ச் சரக்கு, பிரித்துப் பார்த்தே விடவேண்டும்’ என்று அறிந்துகொள்வார்கள். விண்டோஸ் இயங்குதளத்தில் நடப்பதும் இதுவே.

2004ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட இரண்டாவது பெருந்திருத்தத்துடன் இம்முறை வழக்கிற்கு வந்தது. உலாவியின் வழியாக ஒரு கோப்பு இறங்கும்பொழுது, அதன் பக்கத்திலேயே கண்ணுக்குப் புலப்படாத சிறு குறிப்பொன்றும் எழுதப்படுகின்றது. அக்குறிப்பில் மண்டல எண் ஒன்று இருக்கும். கோப்பு இதே கணினியில் பிறந்ததாயின் 0. அலுவலக உள்வலையிலிருந்து வந்ததாயின் 1. நம்பத்தக்கதெனப் பயனர் குறித்துவைத்த தளமாயின் 2. பொது இணையமாயின் 3. தடைக்குரிய தளமாயின் 4. இக்குறிப்பினை ‘மார்க் ஆஃப் தி வெப்’ என்பர். ‘இணையக் குறி’ என்று நாம் வழங்கலாம். 2010ஆம் ஆண்டின் ஆபீஸ் மென்பொருள் இக்குறியைக் கண்டால், ஆவணத்தைப் படிக்க மட்டும் இடங்கொடுத்துத் திருத்த இடங்கொடாத பாதுகாப்பு நிலையில் திறந்தது. 2012ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8, ‘ஸ்மார்ட்ஸ்கிரீன்’ என்னும் காவலை இயங்குதளத்திலேயே நிறுத்தியது. குறியிட்ட நிரல் ஒன்றை இயக்க முற்பட்டால், அதன் கையொப்பத்தையும் அது பலரால் அறியப்பட்டதா என்பதையும் இக்காவல் வினவும். ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளிலும் இதனையொத்த குறி 2007 முதலும், ‘கேட்கீப்பர்’ என்னும் வாயிற்காவல் 2012 முதலும் உள்ளன.

இந்த ஏற்பாட்டில் இரண்டு இடங்களில் பழுது நேரக்கூடும் என்பதை நீங்களே உய்த்துணரலாம். ஒன்று, புள்ளி வைக்காமலே மூட்டை உள்ளே வந்துவிடுதல். மற்றொன்று, புள்ளி இருந்தும் உள்ளே நிற்கும் காவலர் அதனைக் கண்டு பேசாதிருத்தல். இரண்டும் நடந்திருக்கின்றன.

முதல் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். பல கோப்புகளை ஒரே பொதியாகச் சுருக்கிக் கட்டவும் அவிழ்க்கவும் பயன்படும் ‘7-ஜிப்’ என்னும் இலவச மென்பொருளை உங்களுள் பலர் பயன்படுத்தியிருக்கலாம். பொதிக்கு இணையக் குறி இருந்தால், அதனை அவிழ்க்கும்பொழுது உள்ளிருக்கும் கோப்புகளுக்கும் அக்குறியைத் தரும் வசதி அதில் 2022ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. ஆனால் ஒரு பொதிக்குள் மற்றொரு பொதியை வைத்து அனுப்பினால், உட்பொதியின் கோப்புகள் குறியின்றியே வெளிவந்தன. இதனைப் பயன்படுத்தி உக்ரைன் நாட்டின் அரசு அலுவலகங்களையும் தனியார் நிறுவனங்களையும் தாக்க முற்பட்டதை, டிரெண்ட் மைக்ரோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024 செப்டம்பரில் கண்டறிந்தனர். அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த 24.09 என்னும் பதிப்பில் இப்பழுது நீக்கப்பட்டது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. நாமே சென்று புதிய பதிப்பைப் பெற்று நிறுவினாலன்றிப் பழைய பழுது நம் கணினியில் அப்படியே கிடக்கும்.

இன்னும் எளிய வழியிலும் குறி மறைந்துபோகும். பென்டிரைவ்கள் பலவற்றில் வழங்கும் பழைய கோப்புமுறையில், அந்தப் பக்கக் குறிப்பை எழுதிவைக்க இடமே கிடையாது. ஆகவே இணையத்திலிருந்து இறக்கிய கோப்பை ஒரு நண்பர் அத்தகைய பென்டிரைவில் ஏற்றி உங்களிடம் தந்தால், உங்கள் கணினிக்கு அது உள்ளூர்ப் பொருளாகவே தோன்றும். எச்சரிக்கை எழாது. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. கருவியின் இயல்பே அது.

இரண்டாம் வகையே இன்றைய பேச்சிற்கு முதன்மையானது. 2022ஆம் ஆண்டில் ‘மாக்னிபர்’ என்னும் தீநிரல் பரவியது. இது ரான்சம்வேர் வகையைச் சேர்ந்தது. அதாவது, கணினியிலுள்ள கோப்புகளையெல்லாம் மறையெழுத்தாக மாற்றிவிட்டு, மீட்டுத்தரப் பணங்கேட்பது. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கோ விண்டோஸுக்கோ வந்த புதுப்பிப்பு என்று பெயர் சூட்டிக்கொண்டு, பொய்யான இணையப் பக்கங்கள் வாயிலாக அது வீட்டுக் கணினிகளுக்குள் புகுந்தது. எச்.பி. நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவ்வாண்டு அக்டோபரில் இதனைப் பற்றி எழுதினார்கள். அக்கோப்புகள்மீது இணையக் குறி முறைப்படி இருந்தது. ஆயினும் ஸ்மார்ட்ஸ்கிரீன் வாய் திறக்கவில்லை. ஏன்?

மென்பொருள்களில் மின்கையொப்பம் என்று ஒன்று உண்டு. ஆக்கியவர் இன்னார் என்பதற்கும், இடையில் எவரும் கைவைக்கவில்லை என்பதற்கும் அது சான்று. மாக்னிபர் கோப்புகளில் உருச்சிதைந்த கையொப்பம் ஒன்று வேண்டுமென்றே ஒட்டப்பட்டிருந்தது. காவல்நிரல் அதனைப் படிக்க முயன்றது, படிக்க இயலவில்லை, பிழை நேர்ந்தது. பிழை நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? கோப்பை நிறுத்தியிருக்க வேண்டும். அது நிகழவில்லை. பிழையோடு சோதனை முடிந்துவிட, கோப்பு யாதொரு தடையுமின்றி உள்ளே சென்றது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு நேரான நிகழ்ச்சி ஒன்று உண்டு. பொதுத்தேர்வு நாளன்று வினாத்தாள் கட்டுகள் முத்திரையிட்டு வந்து சேரும். முத்திரை பழுதின்றி இருப்பதைச் சாட்சிகள் முன்னிலையில் பார்த்த பின்னரே கட்டைப் பிரிப்போம். முத்திரை சிதைந்து, எழுத்துப் புரியாதிருந்தால் என்ன செய்வோம்? ‘படிக்க இயலவில்லை, ஆதலால் சரியாகத்தான் இருக்கும்’ என்று எந்தத் தலைமையாசிரியரும் கட்டைப் பிரிக்கமாட்டார். அங்கேயே நிறுத்தி, மேலிடத்திற்குத் தெரிவிப்பார். ஐயம் நேர்ந்தால் அடைக்க வேண்டும் என்பது காவலின் முதல் விதி. ஐயம் நேர்ந்தால் திறந்துவிடும் கதவு, கதவில்லாமைக்கு ஒப்பாகும்.

இப்பழுதிற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் 2022 டிசம்பர் 13ஆம் நாளன்று திருத்தம் வெளியிட்டது. பழுதுகளை உலகெங்கும் ஒரே எண்ணால் குறிக்கும் சி.வி.இ. முறையில் இதன் எண் 2022-44698. கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இவ்வளவு விரிக்க வேண்டியதில்லை. அந்தத் திருத்தம், அப்போது கண்ட ஒருவகைச் சிதைந்த கையொப்பத்தையே தடுத்தது. மாக்னிபரை ஏவியவர்கள் கையொப்பத்தைச் சற்றே வேறுவிதமாகச் சிதைத்தார்கள். கோப்பின் வகையையும் மாற்றினார்கள். அதே கதவு மறுபடியும் திறந்தது. கூகிள் நிறுவனத்தின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழுவினர் 2023 பிப்ரவரி 15ஆம் நாளன்று இதனை மைக்ரோசாப்டுக்குத் தெரிவித்தார்கள். மார்ச்சு 14ஆம் நாளன்று இரண்டாவது திருத்தம் வந்தது. அதற்கிடையில், அவ்வாண்டு ஜனவரியிலிருந்து அத்தீநிரற் கோப்புகள் 1,00,000 முறைக்குமேல் இறக்கப்பட்டதை அக்குழுவினர் கண்டனர். இறக்கியவர்களுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஐரோப்பாவில் இருந்தவர்கள்.

இங்கே ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒரு சொல் கூற விரும்புகிறேன். ஆசிரியப் பயிற்சியில் ‘குறையறி சோதனை’, ‘குறைதீர் கற்பித்தல்’ என்று இரண்டைக் கற்பிப்பார்கள். ஒரு சிறுவன் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுகிறான். ஆசிரியர் அதனை அடித்துவிட்டு 25 என்று திருத்தித் தருகிறார். மறுநாள் 81இலிருந்து 46ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று எழுதுகிறான். விடை திருந்தியதேயன்றி வழி திருந்தவில்லை. சிறிய இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்து கழித்துவிடுவதே அவனுடைய வழக்கம். கடன்வாங்கிக் கழிக்க அவன் கற்கவில்லை. அதனைக் கண்டறிந்து கற்பித்தாலன்றி, ஆயிரம் விடைகளைத் திருத்தினாலும் பயன் இல்லை. 2022 டிசம்பரில் திருந்தியது விடை. ‘பிழை நேர்ந்தால் விட்டுவிடு’ என்ற வழி திருந்தவில்லை. கூகிள் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிய குறையும் இதுவே.

நடுநிலையோடு நோக்குவோமானால், திருத்துவோரின் இடர்ப்பாடும் விளங்கும். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்பொழுது விரைந்து ஒரு கட்டுப் போட்டாக வேண்டும். அடிப்படையையே மாற்றினால், அதனைச் சார்ந்து இயங்கும் வேறு பல நிரல்கள் நின்றுபோகக்கூடும். ஆகவே முதலில் கட்டுப் போடுவது குற்றமாகாது. கட்டுப் போட்டதோடு நோய் தீர்ந்ததென்று இருந்துவிடுவதே குற்றம். 2023 நவம்பரில் இணையக் குறுவழிக் கோப்புகள் ஸ்மார்ட்ஸ்கிரீனைக் கடக்கும் பழுது ஒன்று திருத்தப்பட்டது. ஒரு குறுவழி மற்றொரு குறுவழியைச் சுட்டும்படி அமைத்து, அந்தத் திருத்தத்தையும் கடந்தார்கள். அந்நியச் செலாவணி வணிகர்களைக் குறிவைத்தார்கள். அதற்கு மறுதிருத்தம் 2024 பிப்ரவரி 13ஆம் நாளன்று வந்தது. ஒரே பாடம் இருமுறை நடத்தப்பட்டதை நீங்கள் காண்கிறீர்கள். உங்களுள் நாளை மென்பொருள் எழுதப்போகும் மாணவர்கள் இதனை நெஞ்சில் நிறுத்த வேண்டும். பழுதைக் கண்டால், ‘இது எங்கே நேர்ந்தது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘இது எதனால் நேர்ந்தது, அதே காரணம் வேறு எங்கெல்லாம் இருக்கின்றது?’ என்றும் கேளுங்கள்.

பழுதைக் கண்டுபிடிப்பவர்களுக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. ஆக்கியவருக்கு முதலில் அறிவித்து, திருத்துவதற்குக் காலம் கொடுத்து, பின்னர் உலகிற்கு வெளியிடுவதே அது. கூகிள் நிறுவனத்தின் ‘புராஜெக்ட் ஜீரோ’ என்னும் குழு இதற்கு 90 நாள் தவணை வைத்திருக்கிறது. பழுதைத் தீயோர் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருப்பின் தவணை 7 நாளே. உடனே வெளியிட்டால் தீயோர்க்கு வழிகாட்டியதாகும். என்றுமே வெளியிடாவிட்டால் ஆக்கியவர் திருத்தாமலே காலங்கடத்தக்கூடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாக இத்தவணை அமைந்திருக்கிறது.

இனி, பயன்படுத்துவோராகிய நாம் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, திருத்தம் வந்தவுடன் அதனை ஏற்றுக்கொள்ளுதல். மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒவ்வொரு திங்களிலும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று தன் திருத்தங்களை வெளியிடுகின்றது. வெளியான திருத்தத்தைத் தீயோரும் ஆராய்ந்து, எது பழுதாயிருந்தது என்று அறிந்துகொள்வார்கள். எனவே நாம் ஒத்திப்போடும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு ஆதாயம். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத பழைய கணினிகளுக்கு, இத்தகைய பழுதுகள் நாளை கண்டுபிடிக்கப்பட்டாலும் திருத்தம் வாராது. வீட்டிலோ கல்லூரியிலோ அத்தகைய கணினி இருப்பின், பொறுப்பிலுள்ளோர்க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கோப்பு வந்த வழியை நாமே வினவுதல். நான் கேட்டா இது வந்தது? அனுப்பியவர் இன்னார் என்பதை வேறொரு வழியால் உறுதிசெய்தேனா? இப்பொருள் இவ்வழியாக வருவது இயல்புதானா? இம்மூன்று வினாக்கள் போதும். மாக்னிபர் புதுப்பிப்பு வேடம் பூண்டு வந்ததைக் கண்டோமல்லவா? விண்டோஸின் புதுப்பிப்பு அதன் அமைப்புகள் பகுதியில் முறையாக வந்து சேரும்; ஏதோ ஓர் இணையப் பக்கம் திடீரென்று நீட்டும் கோப்பாக அது வருவதில்லை. மூன்றாம் வினாவைக் கேட்டிருந்தவர், ஸ்மார்ட்ஸ்கிரீன் பேசாதபோதும் தப்பியிருப்பார்.

மூன்றாவது, ஒரே காவலை நம்பியிராமை. மேலே நான் கூறிய 1,00,000 இறக்கங்களுள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில், கூகிளின் உலாவற் பாதுகாப்பு என்னும் மற்றொரு காவல் எச்சரிக்கை விடுத்திருந்தது. ஒரு காவலர் உறங்கினும் மற்றவர் விழித்திருந்தார். அதுபோலவே, முதன்மையான கோப்புகளுக்கு மூன்று படிகள் வைத்து, அவற்றை இருவகைச் சாதனங்களில் சேமித்து, ஒரு படியை வேறிடத்தில் வைத்தல் நன்று. கோப்புகளைப் பூட்டிப் பணங்கேட்பவன் வந்தாலும், நம்மிடம் வேறு படி இருக்குமாயின் அவன் பிடி தளரும்.

நான்காவது, தவறு நேர்ந்துவிட்டால் மறைக்காமை. ஐயத்திற்குரிய கோப்பைத் திறந்துவிட்டோம் என்று தெரிந்தவுடன் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுப் பொறுப்பாளரிடம் கூறிவிட வேண்டும். மாணவர்கள் கூற அஞ்சுவார்கள். ஆதலின் இதனை ஆசிரியப் பெருமக்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். வந்து சொன்னவனைத் தண்டித்தால், அடுத்தவன் சொல்லமாட்டான். அவன் அஞ்சி மறைக்கும் ஒரு மணி நேரத்தில் பள்ளியின் கணினிகள் அனைத்திற்கும் தீங்கு பரவிவிடலாம். பணமோசடி நேர்ந்திருப்பின், நம் நாட்டில் 1930 என்னும் தொலைபேசி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

எச்சரிக்கையே பயனற்றது போலும் என்று எவரேனும் முடிவு கட்டிவிடுதல் கூடாது. அது பெரும்பயன் உடையது. அதன் பயனை அறிந்ததனாற்றான், தீயோர் அதனை ஊமையாக்க இவ்வளவு முயற்சி எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அடிக்கடி தோன்றித் தொல்லை தருகின்றதென்று அதனை அணைத்துவைப்பது, அவர்களுடைய வேலையை நாமே செய்து கொடுப்பதாகும். உங்கள் கணினியில் இறக்கிய கோப்பு ஒன்றின் ‘பண்புகள்’ பகுதியைத் திறந்து பாருங்கள். ‘இக்கோப்பு வேறொரு கணினியிலிருந்து வந்தது’ என்னும் வரி பெரும்பாலும் அதன் அடியில் இருக்கும். அதுவே நான் கூறிய சுண்ணாம்புப் புள்ளியின் அடையாளம். ஒருமுறை கண்ணாற் கண்டுவிட்டால் மறக்கமாட்டீர்கள்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வழக்கு. காணாததும் கேளாததும் கூட ஒன்றை மெய்ப்பித்துவிடா என்பதை இப்பழுதுகள் நமக்குக் கற்பிக்கின்றன. எச்சரிக்கை எழவில்லை என்பதற்குப் பொருள், எச்சரிக்கை எழவில்லை என்பது மட்டுமே. கோப்பு நல்லது என்பது அதற்குப் பொருளன்று. காவல் பேசும்பொழுது அதற்குச் செவிகொடுங்கள். அது பேசாதபோது, அது கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே கேளுங்கள்.